நாலரை மணிச் சிரிப்பு

சிவனணைந்தான் அண்ணாவி கடைசியாக மேடையேறியது கொம்பன்விளை அம்மன் கோயில் கொடை விழாவில். வில்லில் கதை பாடி முடித்தவருக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தபோது, "வில்லடிக்கவன் பாதிதான், கேட்டியளா, மீதிப் பாதி..." என்று ஆரம்பித்து எதையோ சொல்லி முடித்தார். அந்த மீதிப் பாதி என்ன என்பதுதான் யாருக்கும் சரியாக நினைவில்லை. மீதிப் பாதி ஆமா போடுகிறவன் என்று சொன்னதாக அவருடைய சீடர் நல்லபெருமாள் முப்பது வருஷமாக நம்பிவந்தார். மீதிப் பாதி கேட்கிற சனம் என்று சொன்னதாக இன்னொரு சீடன் தாணுமாலயன் அடித்துச் சொல்வான். அண்ணாவி அந்த மாசியிலேயே போய்ச்சேர்ந்துவிட்டார். அன்றைக்கு மைக் செட் போட்டவனிடம் கேட்டால், நான் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பேச்சையா கேட்டேன் என்றான்.

வில்லுப்பாட்டில் நடுவே இருந்து கதை சொல்கிறவர் ஒருவர். அவர் ஒரு வரி சொல்லி மூச்சு வாங்குகிற இடத்தில் 'ஆமா' என்று ஏற்று, கதை தடுக்கி விழாமல் அடுத்த வரிக்குக் கைபிடித்து அனுப்புகிறவர் இன்னொருவர். தாணு கதை சொன்னான், நல்லபெருமாள் ஆமா போட்டார். சாமி கதைக்கு நடுவே தாணு செருகிய துணுக்குகளுக்குச் சனம் சிரித்த சிரிப்பில், அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தவர்களே ஒரு நிமிஷம் நின்று சிரித்துவிட்டு மறுபடி ஆடத் தொடங்கியதைப் பார்த்த கோயில் கமிட்டி, இனி வில்லு வேண்டாம், ஆளை மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டது. அப்படித்தான் தாணு வில்லை விட்டு, தனியாக நின்று பேசிச் சிரிக்க வைக்கிறவன் ஆனான். கல்யாண வீடு, கல்லூரி ஆண்டு விழா, முந்திரி ஆலைத் தொழிலாளர் சங்கம், துபாய்த் தமிழர் பொங்கல் என்று போனான். எட்டு கேசட் வெளிவந்தது. முக்கடல் பண்பலை என்று ஊருக்கு ஒரு வானொலி வந்ததும் தினமும் காலை ஏழு பத்துக்கு 'தாணு வந்தாச்சு' என்ற இருபது நிமிஷ நிகழ்ச்சி அவனுடையதானது. போன இடத்துக்கெல்லாம் ஆமா போட நல்லபெருமாளையும் கூட்டிப்போனான். தனியாக நின்று பேசுகிறவனுக்குப் பக்கத்தில் எதற்கு இன்னொரு ஆள் என்று கேட்டவர்களிடம், "அவரு இல்லன்னா எனக்கு மூச்சு விட எடம் தெரியாதுவே" என்றான். அதைக் கேட்டவர்கள் தாணுவின் பெருந்தன்மையைப் பாராட்டினார்கள்.

நல்லபெருமாளின் பெயர் நிகழ்ச்சியின் பெயரில் இல்லை, போஸ்டரில் இல்லை, கேசட்டின் உறையில் 'உடன்' என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கீழே எறும்பு அளவில் இருந்தது. ஊரில் அவரை ஆமா அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள். அவர் வீட்டுக் கடிதங்களைத் தபால்காரர் வேறு யாரோ நல்லபெருமாளுக்கு என்று மூன்று தெரு தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்ததும் உண்டு. அவர் பாட்டுக்குக் கையில் கட்டியிருந்த கடிகாரத்தால் தாணுவுக்கு விழுகிற ஒவ்வொரு சிரிப்பையும் அளந்துகொண்டே இருந்தார். பதினோரு விநாடி, பதினாலு விநாடி, மாமியார் மூக்குக்கண்ணாடியைத் தேடின கதைக்கு இருபத்தாறு விநாடி. ஓங்கி ஒரே அடியாக விழுந்து சட்டென்று நிற்பது தாணுவின் சிரிப்பு, தேங்காய் விழுகிற மாதிரி. அதில் ஒரு விநாடியாவது தன் ஆமாவுக்காக விழுந்திருக்குமா என்று வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்போது யோசிப்பார், சாப்பிடும்போதும் யோசிப்பார், யோசித்துக்கொண்டே சாப்பிட்டதில் அவருக்கு வயிற்றில் புளிப்பு சேர்ந்து, பச்சை மிளகாயை விட வேண்டியதாயிற்று.

இடையில் மச்சினன் ஒரு விசா அனுப்பினான் என்று மஸ்கட்டுக்குப் போய் நாலு வருஷம் இருந்தார். தான் இல்லாமல் தாணு திணறுவான் என்று விமானத்தில் ஏறும்போதே நினைத்தார். நாலு வருஷம் கழித்துத் திரும்பி வந்த மறுநாள் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டபோது, தாணு ஒரு வரி சொல்லிவிட்டு அதே இடத்தில் நிறுத்தினான். டீ ஆற்றுகிறவர், பேப்பர் படிக்கிறவர், சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு நின்றவர், எதிர்வீட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் எல்லாரும் ஏக காலத்தில் "ஆமா" என்றார்கள். ஊரே கற்றுக்கொண்டிருந்தது. தாணு அவரைக் கட்டிப்பிடித்து, "நீரு போன எடத்துல வேற ஆள வைக்கலவே, காலியாத்தான் விட்டேன், ஊரு போட்டுக்கிட்டு" என்று கண்கலங்கினான். வேறு ஆளை வைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நல்லபெருமாளுக்கு.

அவர் மறுபடி ஆமா போட உட்கார்ந்த அந்த வாரத்தில்தான் சிரிப்பு முந்திக்கொண்டு வரத் தொடங்கியது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குக் கொம்பன்விளையில் வானொலி வைத்திருக்கிற அத்தனை வீடும் ஒரு காரணமும் இல்லாமல் சிரித்தது. கயிறு திரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், மீன் வாங்கிக்கொண்டிருந்தவளும் விற்றுக்கொண்டிருந்தவளும் மீனைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள், பதினேழு விநாடி சிரித்து ஓய்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புதன்கிழமை காலையில் தாணு பஞ்சாயத்து அலுவலகத்தில் எருமைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்ட கதையைச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. "ஓ, நேத்து இதுக்குத்தான் சிரிச்சோமாக்கும்" என்று தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அன்று நாலரைக்கு வியாழக்கிழமைச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அது ஒருநாளும் தவறவில்லை.

இப்படியும் நடக்குமா என்று கேட்க ஊருக்கு நேரமில்லை, ஏனென்றால் ஏற்பாடு செய்ய வேண்டியது நிறைய இருந்தது. சலூன்காரர் நாலு இருபத்தெட்டுக்குக் கத்தியை எடுத்து மேலே வைத்தார். டீக்கடையில் கிளாஸ்களைக் கீழே வைக்கச் சொல்லி மணி அடித்தார்கள். வெளியூர் பஸ் பாலத்துக்கு இந்தப் பக்கமே மூன்று நிமிஷம் நின்றது, ஓட்டுநர் உள்ளூர்க்காரர் என்பதால். நடுவில் ஏறிய வெளியூர்ப் பயணிகள், பஸ்ஸில் பாதிப் பேர் முன்சீட்டில் தலையை முட்டிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துப் பையை மடியில் இறுக்கிக்கொண்டார்கள். பாதிரியார் ஜெபமாலையை ஐந்து மணிக்குத் தள்ளிவைத்தார், கோயிலில் சாயரட்சைக்கும் அப்படியே. பிணத்தை நாலு மணிக்கு முன்னால் எடுக்க வேண்டும் அல்லது ஐந்துக்குப் பிறகு என்பது வழக்கமாயிற்று. தவறிப்போய் நாலரைக்கு எடுத்த ஒரு துக்க வீட்டில், செத்தவரின் மூத்த மருமகன் பாடைக்குப் பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிக்க, சிரித்ததற்காக யாரும் அவனைக் கோபிக்கவில்லை, நாளைக்குக் காலையில் துக்க வீட்டில் ரேடியோ போடப்போகிறான் என்பது தெரிந்துபோனதால்தான் மைத்துனர்கள் சண்டைக்குப் போனார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிற கிழடுகளை நாலரைக்குச் சுற்றி நின்று பார்ப்பார்கள். உதடு லேசாகக் கோணிச் சிரித்துவிட்டால், காலை ஏழு பத்துக்கு ஆள் இருக்கும் என்று நம்பி, மதுரையிலிருந்து கிளம்பின மகளைப் பதற்றப்படாமல் வரச் சொல்வார்கள்.

தாணுவுக்கும் அது பழகிப்போனது. அவன் காதை நாலரைக்குத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு, வந்த சிரிப்பின் நீளம் அகலத்தைப் பார்த்த பிறகு உட்கார்ந்து அதற்குப் பொருத்தமாகக் கதை எழுதினான்; அளவெடுத்துவிட்டுத் துணி வெட்டுகிற தையல்காரனைப் போல. நடுவில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அவனைச் சென்னைக்கு அழைத்தது. அங்கே சொன்னவுடனே சிரித்தார்கள், பரிசுக் கோப்பையும் கொடுத்தார்கள், அடுத்த வருஷமும் இருக்கச் சொன்னார்கள். அளவு தெரியாமல் தன்னால் தைக்க முடியாது என்று இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். ஒரே ஒரு குறை அவனுக்கு இருந்தது. ஊரெல்லாம் சிரிக்கிற நாலரைக்கு அவனுக்கு மட்டும் சிரிப்பு வராது. சொல்லப்போகிறவன் அவனேதான், சொல்கிறவன் எப்படிச் சிரிப்பான்?

நல்லபெருமாளுக்கும் வராது. அவர் ஆமா போடுகிறவர். சிரித்தால் ஆமா கெட்டுப்போகும் என்று அண்ணாவி காலத்திலிருந்தே பல்லைக் கடித்துப் பழகினவர். ஆனால் நாலரைக்கு அவர் வெளியே வந்து நிற்பார், கையில் கடிகாரத்தோடு. இதுவரை சிரிப்பு முடிந்தபின் எரிந்த வயிறு, இப்போது ஒரு நாள் முன்னதாகவே எரிந்தது.

அவரிடமும் ஒரு கதை இருந்தது. மஸ்கட்டில் எட்டுப் பேர் தங்கின அறையில், விடியற்காலை அஞ்சு நாற்பதுக்கு, ஊரில் ஏழு பத்து ஆகிற அந்த நேரத்தில், அவருக்குத் தானாக முழிப்பு தட்டும். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, தாணு இப்போது இந்த இடத்தில் மூச்சு விடுவான் என்று கணக்காக, விட்டு விட்டு "ஆமா" என்பார். குஞ்ஞுமோன் என்ற சேட்டன் இது ஏதோ ஜபம் என்று நினைத்து, தொந்தரவு செய்யாமல் செருப்பை வெளியே கழற்றிவைக்க ஆரம்பித்தான். பிறகு ஊதுபத்தி வந்தது. பிறகு பக்கத்து அறைக்காரர்கள், விசா புதுப்பிக்க வேண்டியவர்கள், மனைவி பிரசவத்துக்குக் காத்திருக்கிறவர்கள் வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். அவர் சுவரிடம் ஆமா சொன்னபோதெல்லாம் தங்கள் வேண்டுதலுக்குப் பதில் கிடைத்ததாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். ஒரு நாள் ஃபோர்மேனே வந்தான். இந்தக் கதையை அவர் ஒரு தடவை, ஒரே தடவை, ஸ்டூடியோவுக்குப் போகிற வழியில் தாணுவிடம் சொன்னார். தாணு சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அது ஒம்ம கத வே. அத நான் சொல்லக் கூடாது" என்று மட்டும் சொன்னான். சிரிப்புக்கு ஆகாது என்பதைத்தான் இப்படி மரியாதையாகச் சொல்கிறான் என்று நல்லபெருமாள் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அந்தக் கதையை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

இப்படியிருக்க, இந்தப் புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை நாலரைக்கு வந்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

தேங்காய் விழவில்லை. முதலில் யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி தெருமுனையில் ஆரம்பித்தது, அப்புறம் அடக்கிப் பார்த்தது, அடக்க முடியாமல் மூக்கு வழியே வந்தது, வீட்டுக்கு வீடு தொற்றிக்கொண்டு ஏறியது, ஓய்ந்துவிட்டதென்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு மறுபடியும் எழும்பியது. சலூன்காரர் கடைக்கு வெளியே வந்து நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. ஒன்பது வருஷத்தில், முப்பது வருஷத்தில், இப்படி ஒன்று விழுந்ததில்லை. சிரித்து முடித்தவர்கள் அழுதுவிட்டு வந்தவர்கள் போல முகம் தெளிந்து, ஒருவர் தோளை ஒருவர் தொட்டுக்கொண்டு நின்றார்கள்.

நல்லபெருமாள் கடிகாரத்தை இரண்டாம் தடவையும் பார்த்தார். என்னத்தைச் சொல்லப்போகிறான் நாளைக்கு? இத்தனை நாளும் இதை எங்கே ஒளித்துவைத்திருந்தான்? முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வார்த்தை சொன்னானா? புளிப்பு நெஞ்சுவரை ஏறிவர, இன்றைக்குக் கேட்டே விடுவது என்று சட்டையை மாட்டிக்கொண்டு தாணுவின் வீட்டுக்கு நடந்தார். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது.

ஆஸ்பத்திரியில் தாணுவின் வலது பக்கம் முழுக்க விழுந்து கிடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, பேச்சுதான், என்றார் டாக்டர்; ஒரு சொல் மட்டும் மிச்சமிருக்கிறது, சிலருக்கு அப்படி ஒன்று தங்கிவிடும். நர்ஸ் குனிந்து வலிக்கிறதா என்று கேட்டாள்.

"ஆமா" என்றான் தாணு.

வலிக்கவில்லையா என்று கேட்டாள். அதற்கும் ஆமா. தண்ணீர் வேண்டுமா, வேண்டாமா, ஜன்னலைத் திறக்கவா, எல்லாவற்றுக்கும் ஆமா. சொன்ன இடமும் விட்ட மூச்சும் அச்சுப் பிசகாமல் இருந்தது. கேட்கிறவளைக் கைபிடித்து அடுத்த கேள்விக்கு அனுப்பியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நல்லபெருமாளுக்கு முதலில் வந்தது அழுகையல்ல. ஆமாவையும் அவனே நன்றாகப் போடுகிறான் என்பதுதான் வந்தது. அது வந்ததற்காகத் தன்னை நினைத்து வெட்கப்பட்ட பிறகுதான் அழுகை வந்தது.

தாணுவின் மனைவி பகவதி அவரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஊரில் அதற்குள் செய்தி பரவியிருந்தது. ஆனாலும் யாரும் பதறவில்லை, நாலரைக்குத்தான் சிரிச்சாச்சே, காலையில் எழுந்து வந்து சொல்லிருவாரு என்று எல்லாரும் திடமாக இருந்தார்கள். பகவதிக்கு மட்டும்தான் தெரியும், வரமாட்டான் என்று. வானொலி நிலைய மேனேஜர் ஷைனி மேடம் போன் செய்தாளாம். சிரிப்பு வந்துவிட்டது, ஏழு பத்துக்கு எதையாவது போட்டுத்தான் ஆக வேண்டும், என்ன செய்ய என்று கேட்டாளாம். பகவதி இடுப்பிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தாள். தாணு வில்லை விட்ட வருஷம் ஒரு கல்யாண வீட்டில் பேசியது, எங்கேயும் வெளிவராதது.

"அண்ணாச்சி, இத நாளைக்குப் போட்டுருங்க. அந்தச் சிரிப்பு அவியளுக்கு உள்ளதா இருந்துட்டுப் போட்டும். இனி ஒண்ணு வரவா போவுது?"

அவர் கேசட்டை வாங்கிக்கொண்டார்.

"ஒரு காரியம் கேட்டியளா," என்றாள், மூக்கைச் சிந்தியபடி. "இன்னைக்கு நாலரைக்கு அவிய சிரிச்சாவ. ஒம்பது வருசத்துல ஒரு நாளும் சிரிக்காத மனுசன். நாற்காலியில உக்காந்து, வயித்தப் புடிச்சிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர. 'என்னளா இது, நான் எதுக்குச் சிரிக்கேன்'னு என்னையக் கேட்டாவ. அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துல சாஞ்சாவ."

நல்லபெருமாள் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சொல்லப்போகிறவனுக்குத்தானே நாலரைக்குச் சிரிப்பு வராது.

"தன் பழைய பேச்சத் தானே கேட்டுச் சிரிக்கப் போறாவளோ என்னமோ" என்றாள் பகவதி. அப்படியும் இருக்கலாம் என்றார் அவர். இருக்கலாம்தான். கல்யாண வீட்டுப் பேச்சை அவர் நேரில் கேட்டிருக்கிறார், ஆமா போட்டிருக்கிறார்; நல்ல பேச்சு, அன்றைக்குப் பந்தலில் அதற்குப் பத்தொன்பது விநாடி விழுந்தது, ஒரே அடியாக. மூன்று நிமிஷம் நாற்பது விநாடி அந்தக் கேசட்டுக்குள் இல்லை. அது அவருக்குத் தெரியும். ஆனால் அவருக்குத் தெரியும் என்பது வேறு யாருக்கும் தெரியாது. கேசட்டைப் போட்டால் ஊர் தலையை ஆட்டி, நேற்று இதற்குத்தான் சிரித்தோம் என்று நம்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போகும். அந்தச் சிரிப்பு தாணுவின் பேரில், தாணுவின் கடைசிச் சிரிப்பாக, அதுவும் எல்லாவற்றிலும் பெரியதாக, காலத்துக்கும் நிற்கும். போடாமல் தானே பேசினால், படுத்துக் கிடக்கிறவன் நாற்காலியை முதல் நாளே பிடித்துக்கொண்டான் ஆமா அண்ணாச்சி என்பார்கள். அதுவும் பொய்யென்று சொல்ல முடியாது. நாலரைக்கு நின்ற இடத்தில், தன் சிரிப்பின் மேலேயே பொறாமைப்பட்டுத்தான் சட்டையை மாட்டினோமோ என்று ஒரு எண்ணம் வந்து, ஈயைப் போல அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதை நம்பவும் பயமாக இருந்தது, விரட்டவும் மனமில்லை.

போகும்போது கட்டிலருகே போய்க் குனிந்தார். மஸ்கட்டில் நான் சுவரிடம் ஆமா போட்ட கதை ஞாபகமிருக்கிறதாவே என்று கேட்டார். ஆமா என்றான் தாணு. அது சிரிப்புக்கு ஆகாது என்றுதானே நினைத்தீர் என்று கேட்டார். ஆமா என்றான். இல்லை, என் கதையைத் திருடக் கூடாது என்றுதான் விட்டுவைத்தீரா என்று கேட்டார். தாணுவின் இடது கை அவர் மணிக்கட்டைத் தேடி வந்து, கடிகாரத்தின் மேல் படிந்தது. ஆமா என்றான். மூன்று ஆமாவுக்கும் ஒரே எடைதான் இருந்தது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு நல்லபெருமாள் ஸ்டூடியோவில் இருந்தார். இரண்டு நாற்காலி, இரண்டு மைக். ஷைனி மேடம் கேசட் பிளேயரைத் துடைத்து, தயாராக வைத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். வெளியே டீக்கடையில் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். சலூன்காரர் தன் ரேடியோவைத் தெருவைப் பார்த்துத் திருப்பியிருந்தார். நேற்று அப்படி எதற்குச் சிரித்தோம் என்று தெரிந்துகொள்ள ஊர் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது. இனிச் சிரிக்க யாரிடமும் ஒன்றும் மிச்சமில்லை. எது சொன்னாலும் தெருவில் ஒரு சத்தம் இருக்காது, அதைக் கடிகாரத்தால் அளக்கவும் முடியாது. அவர் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஏழு மணி, ஏழு ஐந்து. கேசட்டை எடுத்துப் பின்பக்கம் முன்பக்கம் திருப்பிப் பார்த்தார். அதன் உறையிலும் 'உடன்' என்று போட்டுத் தன் பெயர் பேனாவால் எழுதியிருந்தது, தாணுவின் கையெழுத்தில்.

ஏழு ஒன்பதுக்கு அவர் கேசட்டை உறைக்குள் போட்டு மூடினார். பகவதிக்குப் போன் செய்து, ஸ்பீக்கரைப் போட்டுத் தாணுவின் தலையணையில் வைக்கச் சொன்னார். தன் போனை இரண்டாவது மைக்கின் முன்னால் வைத்துவிட்டு, தாணுவின் நாற்காலியில் உட்கார்ந்து, மஸ்கட் கதையின் முதல் வரியைச் சொல்லி, ஆமாவுக்கு இடம் விட்டார்.